பதூ: "பெதூயின்"னு எழுதுறோமே, அது சரியா?

அரபுப் பாலைல ஒட்டகமும் ஆடும் மேய்ச்சு வாழ்ந்த மக்கள பெதூயின், பெடோயின், பெடூயின்னு ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதுறாங்க. சிலர் "பிதூன்"னும் எழுதிடுறாங்க, அது வேற. பிதூன்னா "இல்லாம"ன்னு அர்த்தம், குவைத் மாதிரி எடத்துல குடியுரிமை இல்லாம இருக்கறவங்களச் சொல்ற பேரு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்க வேண்டாம்.

அரபில மூலம் பத்வ். ஒருத்தர்னா பதவி, பல பேர்னா பதவிய்யீன், பேச்சு வழக்குல பதூ. சிலுவைப்போர் காலத்துல பிரெஞ்சுக்காரங்க காதுல இந்த பதவிய்யீன்ங்கற பன்மைதான் விழுந்திருக்கு, அத ஒருமைன்னு நெனச்சு பெதூயின்னு ஆக்கிட்டாங்க, அப்புறம் ஆங்கிலம் அதுக்கு மேல இன்னொரு பன்மை விகுதி ஒட்டுச்சு, கடைசில நாம "பெதூயின்கள்"னு எழுதி அதே தப்ப தமிழ்லயும் பண்றோம். வளைகுடால வேலை பாத்த நம்மாளுங்க "அவன் பதுப்பா"ன்னு சாதாரணமா சொல்லுவாங்க, உண்மைல அவங்க சொல்றதுதான் மூலத்துக்குக் கிட்ட இருக்கு. (பதவின்னு எழுதலாமேன்னா, தமிழ்ல அதப் படிச்சதும் நாற்காலிதான் ஞாபகம் வரும்.)

வேர்ச்சொல்லுக்கு "வெளிப்படையா தெரியிறது"ன்னு பொருள். மறைப்பு இல்லாத திறந்த வெளிக்கு "பாதியா"ன்னு பேரு, அங்க இருக்கறவங்க பத்வ். இதுக்கு எதிர்ச்சொல் ஹதர், அதாவது ஊர்ல நிலையா குடியிருக்கறவங்க. 14ஆம் நூற்றாண்டுல வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன் பத்வ்னு சொல்லும்போது ஒட்டகம் மேய்க்கறவங்களோட நகரத்துக்கு வெளிய பயிர் பண்றவங்களையும் சேத்துக்குறாரு.

இப்ப தமிழ்ச்சொல்லுக்கு வருவோம். குர்ஆன் மொழிபெயர்ப்புகள்ல "அஃராப்"ங்கற சொல்லுக்குக் காட்டரபிகள்னு ஒண்ணு இருக்கு, ஹதீஸ் (நபிமொழி) தமிழாக்கத்துல கிராமவாசின்னு வரும். அஃராபும் இந்த பாலை மக்களத்தான் குறிக்குது. ஆனா காட்டரபின்னா காட்டுமிராண்டி வாசனை அடிக்குது. கிராமவாசின்னா கண்ணு முன்னாடி வயலும் கிணத்தடியும்தான் வருது. நாடோடி இன்னும் மோசம், எங்க போறோம்னே தெரியாம சுத்துற ஆளு மாதிரி. இவங்க அப்படி சுத்தல. எந்த மாசம் எந்தப் பள்ளத்துல புல்லு இருக்கும், எந்தக் கிணறு எந்தக் குலத்துக்கு, எல்லாம் கணக்கு.

அந்தக் கணக்கு எப்படி இருந்துச்சுன்னு பாருங்க. ஆகஸ்ட் கடைசில விடியறதுக்கு முன்னாடி தெக்கால சுஹைல் நட்சத்திரம் தெரிஞ்சா வெயில் எறங்கப் போகுது, ராத்திரி இதமாகும்னு அர்த்தம். இந்த சுஹைல் வேற யாரும் இல்ல, நம்ம அகத்திய நட்சத்திரமேதான்! அக்டோபர் நடுவுலேர்ந்து விழற மழைக்கு வஸ்மின்னு பேரு. அது சரியா விழுந்தாத்தான் குளிர்காலம் முடியறப்ப மண்ணுக்கடியில ஃபகாங்கற பாலைக் காளான் வரும். ஒரு குறிப்பிட்ட சின்னச் செடியோட வேர ஒட்டித்தான் அது வளரும், அதனால அனுபவசாலி மொதல்ல தேடறது அந்தச் செடியத்தான். மணல்ல கால்தடம் படிக்கறது இன்னொரு வித்தை. அல் முர்ரா குலத்துக்காரங்க இதுல பேர் போனவங்க, சவூதி போலீஸே அவங்கள வேலைக்கு வச்சிருந்துச்சு.

இதெல்லாம் எப்ப மாறுச்சுன்னா, பெட்ரோல் வந்தப்பன்னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க. என்னைக் கேட்டா அதவிடப் பெருசா அடிச்சது ரெண்டு. ஒண்ணு, குலத்துக்குக் குலம் மேய்ச்சல் நிலத்த ஒதுக்கி வச்சு காப்பாத்துன ஹிமா முறை, அத சவூதி அரசு 1953ல எடுத்துடுச்சு. இன்னொண்ணு பிக்கப் வண்டியும் தண்ணி லாரியும். முன்னெல்லாம் கிணத்துலேர்ந்து எவ்வளவு தூரம் நடக்க முடியுமோ அவ்வளவுதான் ஆடு மேயும், அந்த தூரமே நிலத்துக்கு ஒரு வேலி மாதிரி இருந்துச்சு, லாரி வந்ததும் தண்ணி ஆட்டத் தேடிப் போகுது, எல்லா மந்தையும் ஒரே பச்சைல போய் எறங்குது, புல்லு விதை விடறதுக்குள்ள மொட்டையாயிடுது. எங்க மழைன்னு நட்சத்திரத்தப் பாத்தும் வழிப்போக்கர்கிட்ட கேட்டும் தெரிஞ்சுகிட்டது போயி, போன்ல ஒரு மெசேஜ்.

அறிவு அழிஞ்சிடுச்சுன்னு ஒப்பாரி வைக்கறதுல எனக்கு ஒப்புதல் இல்ல. கை மாறியிருக்கு. சவூதி, குவைத் பாலைல நிறைய எடத்துல இன்னைக்கு ஒட்டகத்தோட படுத்து எந்திரிக்கறது சூடான்லேர்ந்தும் இந்தியாலேர்ந்தும் போன கூலி ஆளுங்க, எந்த நாகா, அதான் பெண் ஒட்டகம், சினையா இருக்குன்னு மொதல்ல தெரியிறது அவங்களுக்குத்தான். முதலாளி வார கடைசில வண்டில வந்து பாத்துட்டுப் போவாரு. ஒட்டகமும் அழகுப் போட்டிக்குப் போகுது, 2018ல போடாக்ஸ் ஊசி போட்டதுக்காக 12 ஒட்டகத்தப் போட்டியிலேர்ந்து தள்ளி வச்சாங்க! ஆட்டுமுடிக் கூடாரத்துக்கு பைத் ஷஅர்னு பேரு, மழைல நனைஞ்சா முடி உப்பி ஓட்டைய அடைச்சுக்கும். நெய்யறது எப்பவும் பொம்பளைங்க வேலை. சதூன்னு பேருள்ள அந்த நெசவ 2011ல யுனெஸ்கோ அவசரமா காப்பாத்த வேண்டிய பட்டியல்ல சேத்துச்சு. எகிப்தோட சினாய்ல நடந்தது வேற மாதிரி, 2015ல மூணு குலம் சேந்து நெடுந்தூர நடைபாதை ஒண்ணு தொறந்தாங்க, பெருசுங்க தலைக்குள்ள இருந்த பழைய வழிகளும் தண்ணி இருக்கற எடங்களும் இளசுகளுக்கு வழிகாட்டி வேலைக்கு உதவுது.

சொல்லுக்குத் திரும்புவோம். பாலைக்குடின்னு வைக்கலாமான்னா, சங்கப் பாட்டுல பாலைக்குடின்னா எயினர், மறவர், வழிப்பறி ஞாபகம்தான் வரும். மந்தை மேய்க்கறது முல்லைத் தொழில். முல்லையும் குறிஞ்சியும் திரிஞ்சு பாலையாகும்னு சிலப்பதிகாரம் சொல்லுது, இவங்க இருக்கற மண்ணு பாலை, செய்யற தொழில் முல்லை. அதனால பாலை ஆயர்ங்கறது பழைய வாழ்க்கைக்குக் கச்சிதமா பொருந்தும். ஆனா இன்னைக்கு ரியாத்ல பேங்க் வேலை பாக்கற முர்ரா ஆள் ஆடே மேய்க்கல, அவரும் தன்னை பதூன்னுதான் சொல்லுவாரு, ஏன்னா இப்ப அது தொழில்பேர் இல்ல, வம்சப்பேர்.

அதனால வரலாறு எழுதும்போது பாலை ஆயர், இன்னைக்கு இருக்கறவங்கள எழுதும்போது பதூ. ஒருத்தர்னா பதூக்காரர், பல பேர்னா பதூ மக்கள்.