பேசிலின் உச்சியைக் கிள்ளத் தயங்காதீர்கள்

வீடுகளில் கீரையும் மூலிகையும் வளர்க்கச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளின் பொதுத் தாழ்வாரங்களில் நான் பார்க்கும், துளசி இனத்துச் சமையல் மூலிகையான பேசில் செடிகள் பலவும் ஒரே மாதிரிதான் நிற்கின்றன. ஒற்றைத் தண்டு நெடுநெடுவென்று போயிருக்கும், உச்சியில் பூங்கதிர், அடியில் வெறும் குச்சி. "தண்ணி ஒழுங்காத்தானே ஊத்துறேன்?" என்பார்கள். தண்ணீரில் குறையில்லை. பறிக்கும் விதம்தான் தவறு.

சமையலுக்கு வேண்டும்போது அடியில் இருக்கும் பெரிய இலைகளைப் பறித்துவிட்டு, பாவம் என்று குருத்தை விட்டுவைக்கிறோம். ஆனால் செடிக்கு உணவு தயாரிப்பதே அந்தப் பெரிய இலைகள்தான். உச்சிக் குருத்து இருக்கும்வரை பக்க மொட்டுகள் அடங்கியே கிடக்கும். செடி ஒரு சாண் உயரம் வந்ததும், ஒரு கணுவுக்குச் சற்று மேலே உச்சியை வெட்டிவிடுங்கள். அந்தக் கணுவில் இருபுறமும் கிளை வரும். அவை வளர்ந்ததும் அவற்றின் உச்சியையும் வெட்டினால் நான்கு கிளை. வெட்டியதெல்லாம் அன்றைய சமையலுக்கு. ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள், செடி தளர்ந்துவிடும்.

கதிர் தலைகாட்டினால் அன்றைக்கே கிள்ளிவிட வேண்டும். விதை பிடிக்கத் தொடங்கினால் புது இலை விடுவது குறைந்துவிடும். துளசிக்கும் இது பொருந்தும். பூசைக்கு வைத்த செடியில் கைவைக்க மனசு வரவில்லையா? கதிரைக் கிள்ளிச் சாமிக்கே சாத்துங்கள், செடியும் தழைக்கும்.

பேரங்காடியில் தொட்டியோடு வாங்கும் பேசில் சீக்கிரம் சாவதற்குக் காரணம் நெரிசல். ஒரே தொட்டியில் நிறைய நாற்றுகளை நெருக்கி வைத்திருப்பார்கள். பிரித்து மூன்று நான்கு தொட்டிகளில் நடுங்கள். வெயில் ஆறு மணி நேரமாவது வேண்டும். தாழ்வாரத்தில் வைத்தால் ஆள் நடக்க 1.2 மீட்டர் வழி விட்டிருக்க வேண்டும், தீ விபத்தில் எல்லோரும் வெளியேறும் பாதை அது.

பறித்த தழையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் கறுத்துப்போகும். தண்டோடு ஒரு குவளைத் தண்ணீரில் வெளியே வையுங்கள். ஓரிரு வாரத்தில் வேரே விட்டுவிடும், அப்புறம் அதையும் நடலாம்.

ஆனால் அந்தத் தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்து தேங்கிய தண்ணீரில்தான் முட்டையிடும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டை எடுத்துவிடுவதே நல்லது. வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓரத்தைத் தேய்த்துக் கழுவுங்கள், முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும். மண் இறுகிப்போனாலும் மேலே தண்ணீர் தேங்கும், தொட்டியின் மேல்மண்ணை அவ்வப்போது கிளறிவிடுங்கள்.