பாயைக் குறைத்தால் படகு ஏன் நன்றாக ஓடுகிறது?

காற்றின் வேகம் 10 நாட் (knot, கடலில் வேகத்தை அளக்கும் அலகு) என்பதிலிருந்து 20 நாட் ஆக ஏறும்போது பாயின் மேல் விழும் விசை நான்கு மடங்காகிறது. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப விசை வளர்கிறது. 14 நாட் வேகத்திலேயே அது ஏறக்குறைய இரட்டித்திருக்கும். ‘பாயைச் சுருக்கலாமா’ என்ற நினைப்பு முதலில் எழும்போதே சுருக்கிவிடு என்று கடலோடிகள் சொல்வது இதனால்தான்.

சுருக்காமல் ஓடினால் படகு சாய்கிறது. சாயச் சாய, பாயின் விசை மையம், அதாவது காற்றின் விசை குவியும் புள்ளி, படகின் உடலை விட்டு விலகித் தண்ணீருக்கு மேலே போய்விடுகிறது. அங்கிருந்து தள்ளும் விசை, படகின் மூக்கைக் காற்று வரும் திசைக்கே திருப்பப் பார்க்கும். அதைத் தடுக்கச் சுக்கானை மறுபக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும். அப்படித் திரும்பிய சுக்கான் தண்ணீரில் முட்டுக்கட்டைதான். பாயைக் குறைத்தால் விசை மையம் கீழே இறங்குகிறது, படகு நிமிர்கிறது, சுக்கான் நேராகிறது. பல சமயம் வேகம் குறைவதே இல்லை!

பாயைச் சுருக்க, முதலில் தாமானை, அதாவது பாயைக் காற்றுக்கேற்ப இழுத்துப் பிடிக்கும் கயிற்றை, தளர்த்திப் பாயிலிருந்து காற்றை வெளியேற்ற வேண்டும். பாயின் அடிவிளிம்பை ஒட்டி நீளும் பூம் தண்டைக் கீழே இழுத்துப் பிடிக்கும் கயிற்றையும் தளர்த்துங்கள். பாய்மரத்தின் உச்சியிலிருந்து வரும் தாங்கு கயிறு தண்டு விழாமல் பார்த்துக்கொள்ளும். பிறகு, பாயை ஏற்றும் ஆஞ்சானைக் குறியிட்ட இடம் வரை இறக்கி, முன்விளிம்பிலுள்ள வளையத்தை மரத்தடிக் கொக்கியில் மாட்டி, ஆஞ்சானை மறுபடி விறைப்பாக ஏற்றுங்கள். அதற்குப் பிறகே பின்விளிம்பு. பின்பக்கத்தை முந்திக்கொண்டு இழுத்தால் பாய் முழுவதும் பின்னால் போய்விடும். முன்வளையம் கொக்கியை எட்டாது.

பின்விளிம்புக் கயிறு பாயைக் கீழே இழுத்தால் மட்டும் போதாது, பின்னாலும் இழுக்க வேண்டும். அரைகுறையாக விடுவது இங்கேதான் அதிகம். தொய்ந்த பாய் பை போல உப்பி, படகை முன்னே செலுத்துவதைவிடச் சாய்ப்பதற்கே அதிகம் உழைக்கும். பலத்த காற்றுக்குத் தட்டையான பாய்தான் வேண்டும். கடைசியில் தாமானை இழுத்துக் காற்றைப் பிடிக்கலாம்.

பாயின் நடுவில் வரிசையாக உள்ள சிறு கயிறுகள், தொங்கும் துணியைச் சுருட்டிக் கட்ட மட்டுமே. பாரம் முழுவதும் இரண்டு மூலை வளையங்களில்தான் நிற்க வேண்டும். மறுபடி பாயை விரிக்கும்போது, ஏற்றுவதற்கு முன் இவை எல்லாவற்றையும் அவிழ்த்துவிடுங்கள். ஒன்றை மறந்து ஆஞ்சானை இழுத்தால் பாய் அந்தக் கயிறு நுழையும் துளையிலிருந்தே கிழியத் தொடங்கும்.