ரவுண்டு ஓடினால் வேகம் வராது: தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓட்டம் பழக்குவது எப்படி?

விளையாட்டு விழாவுக்குத் தேதி குறித்ததும் பல பள்ளிகளில் பிள்ளைகளை மைதானத்தைச் சுற்றி ஐந்து ரவுண்டு, பத்து ரவுண்டு ஓட விட ஆரம்பித்துவிடுகிறார்கள். "ஸ்டாமினா வந்தா வேகம் தானா வருமுங்க சார்" என்று பெற்றோரும் சொல்கிறார்கள். வராது. மெதுவாக ஓடிக்கொண்டே இருந்தால் மெதுவாக ஓடத்தான் உடம்பு பழகும். ஆறிலிருந்து பத்து வயதுக்குள் வேகம் கூடுவது பெரும்பாலும் நரம்பின் வேலை. எந்தக் கை எப்போது முன்னே வர வேண்டும், கால் எங்கே விழ வேண்டும் என்பது உடம்பில் பதிகிற வயது இது.

முழு வேகத்தில் ஒரு பிள்ளையால் ஐந்தாறு விநாடிதான் ஓட முடியும். தசையில் கைவசம் இருக்கும் சக்தி அவ்வளவுக்குத்தான் வரும். அதனால் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு 15 முதல் 20 மீட்டர், நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு 30 மீட்டர் போதும். ஒரு பீரியடில் ஆறு ஓட்டத்துக்கு மேல் வேண்டாம். ஓடி முடித்ததும் நடந்தே திரும்ப வேண்டும். அடுத்த ஓட்டத்துக்கு முன் ஒன்றரை நிமிடமாவது இடைவெளி வேண்டும். களைத்த கால் கோணலாக விழும், அந்தக் கோணலே பழக்கமாகிவிடும். 30 பிள்ளைகள் இருந்தால் ஆறு வரிசை, வரிசைக்கு ஐந்து பேர். கடைசி ஆள் ஓடி முடிப்பதற்குள் முதல் ஆளுக்கு ஓய்வு கிடைத்துவிடும். இரண்டே வரிசையில் நிறுத்தினால் பாதி நேரம் வெயிலில் நிற்பதிலேயே போய்விடும்.

ஓட விடுவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஒரு காலில் சிறு துள்ளல், பிறகு அடுத்த காலுக்கு மாறி ஒரு துள்ளல், இப்படியே 10 மீட்டர் போகச் சொல்லுங்கள். மூன்றாம் வகுப்பிலும் சில பிள்ளைகளுக்கு வலது கையும் வலது காலும் சேர்ந்து முன்னே வரும். அந்தப் பிள்ளையை எத்தனை முறை ஓடவிட்டாலும் நேரம் குறையாது. முதலில் நின்ற இடத்திலேயே வலது கையால் இடது முழங்காலைத் தொடட்டும், பிறகு கை மாற்றி. இருபது எண்ணும்வரை தப்பாமல் வந்தால் அதையே நடந்துகொண்டு செய்யலாம். அதன் பிறகுதான் துள்ளல். நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். பாண்டி ஆட்டமும் இதையே பழக்குகிறது: ஒற்றைக் காலில் தாவுவது, கட்டத்துக்குள் நிற்பது, திரும்புவது, சமநிலை குலையாமல் குனிந்து சில்லை எடுப்பது. வாசலில் பாண்டி ஆடிய பிள்ளைகளுக்குப் பாதி வேலை முடிந்திருக்கும். பள்ளி வளாகத்தில் சுண்ணாம்பால் நான்கு பாண்டிக் கட்டம் போட்டு வைத்தால் இன்டர்வெல்லில் அவர்களே ஆடிக்கொள்வார்கள்.

கை வீச்சை அலட்சியம் செய்யாதீர்கள். கை மார்புக்குக் குறுக்கே போனால் இடுப்பும் திரும்பும், கால் நேர்க்கோட்டை விட்டு விலகும். முழங்கையைச் செங்கோணமாக மடித்து, முன்னே வரும்போது கை தாடை உயரத்துக்கும், பின்னே போகும்போது இடுப்பைத் தாண்டியும் போக வேண்டும். "கண்ணு, கை கன்னத்துக்கு வரோணும், அப்புறம் பாக்கெட்டுக்குப் போகோணும்" என்றால் ஆறு வயதுப் பிள்ளைக்கும் புரிந்துவிடும். கால் நீட்டி உட்கார்ந்து கையை மட்டும் வீசச் சொல்லுங்கள். வேகமாக வீசினால் உட்கார்ந்த இடத்திலேயே உடம்பு துள்ளும். கை என்ன வேலை செய்கிறது என்று அப்போது தெரிந்துகொள்வார்கள். முஷ்டியை இறுக்கினால் தோளும் கழுத்தும் இறுகும். விரல்கள் தளர்ந்திருக்கட்டும்.

கருவிக்குச் செலவே வேண்டாம். ஏணிப் பயிற்சிக்குத் தரையில் 40 சென்டிமீட்டர் சதுரமாகப் பத்துக் கட்டத்தை ஏணிபோல் வரிசையாகச் சுண்ணாம்பால் போடுங்கள். கட்டத்துக்கு ஒரு கால், பிறகு இரண்டு கால், பிறகு பக்கவாட்டில். மூன்று முறை கோட்டை மிதிக்காமல் போன பிறகே வேகம் கூட்டச் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும்: ஏணியில் கால் படபடவென்று அடிப்பதனால் மட்டும் ஓட்ட வேகம் வந்துவிடாது. கால் வைக்கும் ஒழுங்குக்குத்தான் அது. ஐந்து நிமிடத்துக்கு மேல் அதிலேயே நேரத்தைக் கழிக்க வேண்டாம். வளையம் வேண்டுமென்றால், தோட்டங்களில் கழித்துப் போட்ட 16 மில்லிமீட்டர் சொட்டுநீர்க் குழாயை இரண்டு மீட்டராக வெட்டி ஜாயினரால் இணைத்தால், 60 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான விட்டத்தில் கிடைக்கும். இது தாவிக் குதிக்க மட்டும். ஓடும் பாதையில் போட்டால் காலில் மாட்டி விழுவார்கள்.

சட்டென்று கிளம்பவும் திரும்பவும் பழக்க, வால் பிடிக்கும் விளையாட்டுப் போல வேறில்லை. திருப்பூர்ப் பக்கம் பனியன் கட்பீஸுக்குப் பஞ்சமே இல்லை. 40 சென்டிமீட்டர் நீளத் துண்டைப் பாதி வெளியே தொங்கும்படி இடுப்பில் செருகி, 15 மீட்டர் சதுரத்துக்குள் பத்துப் பேரை விடுங்கள். அதுதான் வால்; தன் வாலைக் காத்துக்கொண்டு அடுத்தவர் வாலை உருவ வேண்டும். துண்டைக் கட்டக் கூடாது, செருக மட்டும்தான். கட்டினால் இழுப்பவனும் சேர்ந்து விழுவான். அடுத்து, குப்புறப் படுத்தும், முதுகு காட்டி உட்கார்ந்தும், கைதட்டல் கேட்டதும் எழுந்து 10 மீட்டர் ஓடட்டும். ஒருநாள் கைதட்டல், ஒருநாள் கைக்குட்டையைக் கீழே விடுவது என்று மாற்றினால் காதும் கண்ணும் இரண்டும் பழகும்.

தடை தாண்டலுக்கு 20 சென்டிமீட்டர் உயரமுள்ள நான்கு அட்டைப் பெட்டிகளை ஐந்து மீட்டர் இடைவெளியில் வையுங்கள். குதித்து நின்று ஓடினால் உயரம் அதிகம் என்று பொருள், குறைத்துவிடுங்கள். செங்கல்மேல் குச்சி வைப்பதானால் கட்டாமல், தட்டினால் முன்புறம் விழும்படி வையுங்கள்.

முடிவுக் கோட்டை நெருங்கும்போது வேகம் குறைப்பதும் பக்கத்தில் ஓடுபவனைத் திரும்பிப் பார்ப்பதும் எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. ஐந்து மீட்டர் தள்ளி இன்னொரு கோடு போட்டு, அதுதான் முடிவு என்று சொல்லிவிடுங்கள். அதற்கு அப்பால் குறைந்தது 15 மீட்டர் வெற்றிடம் வேண்டும். இடமில்லை என்று காம்பவுண்டுச் சுவரை நோக்கி ஓடவிடுவது பெரிய ஆபத்து. நிற்க முடியாமல் கையை ஊன்றும் பிள்ளைக்கு மணிக்கட்டு எலும்பு முறியும். இடம் குறைவென்றால் ஓட்டத்தின் நீளத்தைக் குறையுங்கள்.

தினமும் ஓடுபாதையை ஒருமுறை நடந்து பார்த்து நெருஞ்சி, கருவேல முள், கண்ணாடித் துண்டு பொறுக்கிவிட்டால், சுத்தமான செம்மண்ணில் வெறுங்காலோடு ஓடுவது நல்லது. வளர்ற புள்ளை என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்கிய ஷூவில் குதிகால் வழுக்கும், கால் பிசகும். அதற்கு வெறுங்காலே மேல். கரிசல் மண் மழைக்குப் பின் காலில் அப்பும், அன்று ஓட்டம் வேண்டாம்.

வெயில் ஏறும் முன்பாகவோ நான்கு மணிக்கு மேலோ வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு வியர்வை குறைவு, உடம்பு சீக்கிரம் சூடாகும். ஈரோடு, கரூர்ப் பக்கம் மார்ச்சிலிருந்தே இதில் கண்டிப்பு வேண்டும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் காலை உணவு தருகிறார்கள். சாப்பிட்டதும் முதல் பீரியடிலேயே ஓடவிட்டால் வயிறு பிடிக்கும், வாந்தி வரும். ஒரு மணி நேரம் போகட்டும்.

எட்டு வயதுக்கு மேல் குதிகால் வலி என்று ஒரு பிள்ளை சொன்னால் நடிப்பென்று தள்ளாதீர்கள். குதிகாலின் இரு பக்கத்தையும் விரலால் அழுத்திப் பாருங்கள். வலித்தால், எலும்பு வளரும் இடத்தில் தசைநார் இழுப்பதாக இருக்கலாம். குதிப்பதையும் ஓடுவதையும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். தைலம் தேய்த்து ஓட விடக் கூடாது.

ஒன்றாம் வகுப்பில் முதலில் வரும் பிள்ளை, மற்றவர்களைவிடப் பத்து மாதம் மூத்ததாக இருக்கக்கூடும். ஆறு வயதில் பத்து மாதம் என்பது பெரிய வித்தியாசம். அதை வைத்து 'இவன் ஓடுவான், அவன் ஆக மாட்டான்' என்று பிரித்துக் குறுமையப் போட்டிக்கு (சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு இடையே நடப்பது) ஆள் எடுக்கும் கணக்கை இந்த வயதில் தொடங்க வேண்டாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் 20 மீட்டர் நேரத்தையும் நின்று தாவும் தூரத்தையும் ஒரு நோட்டில் எழுதி, மூன்று மாதம் கழித்து அதே பிள்ளையின் பழைய கணக்கோடு பாருங்கள். கையால் ஸ்டாப்வாட்ச் அழுத்துவதில் 0.2 விநாடி வரை பிசகும், அதற்குள் வரும் வித்தியாசத்தை முன்னேற்றமாக எடுக்காதீர்கள். பல்லடம், உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பலமாக இருக்கும். முதுகுக் காற்றில் எடுத்த நேரம் பொய் சொல்லும், எதிர்காற்றில் எடுத்ததும் அப்படியே. காற்றுக்குக் குறுக்காகப் பாதை போட்டு எடுங்கள். இல்லையென்றால் காற்றடங்கும் புரட்டாசிவரை பொறுத்து எடுங்கள்.