33 பாகையிலும் உங்கள் ஏ320 அப்படியேதான் பறக்கிறதா?

மட்டக்களப்பு விமான நிலையத்தின் ஓடுபாதை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர். வாவியை ஒட்டிக் கிடக்கும் இந்தப் பாதைக்குப் பொருந்துவது செஸ்னா கரவான் போன்ற சிறு விமானங்கள். எக்ஸ்-பிளேன், மைக்ரோசொஃப்ட் ஃப்ளைட் சிமுலேற்றர் போன்ற கணினிப் பறப்பு மென்பொருளில் ஓடும் ஏ320 அட்-ஒன் (தனியாகச் சேர்க்கும் விமான மாதிரி) ஒன்றைக் கொண்டுவந்து இங்கே நிறுத்துங்கள். எடை 78 தொன், வெப்பநிலை 33 பாகை, காற்று பூச்சியம். முழுத் திரஸ்ட் (எஞ்சினின் உந்துவிசை) கொடுத்ததும் பாதையில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்க அது எழும்பிப் போனால், விமானியறையில் எத்தனை திருகாணி வரைந்திருந்தாலும் அந்த அட்-ஒன் பொய் சொல்கிறது. கடல்மட்டத்தில், 15 பாகையில், அந்த எடைக்கு ஏ320 கேட்கும் புறப்படு தூரமே 2,100 மீற்றர் அளவில் வரும்.

இதில் அவசரப்பட்டு ஒரு பிழை விடவேண்டாம். அந்த 2,100 சக்கரம் தரையை விடும் இடம் அல்ல. 35 அடி உயரத்தைத் தொடும்வரை எடுக்கும் தூரம் அது. இரு எஞ்சினும் இயங்கும் கணக்கில் 15 சதவீத ஒதுக்கும் அதற்குள் இருக்கும். சிமுலேற்றரில் சக்கரம் எழும்பிய இடத்தை அளந்து அந்த எண்ணோடு நேரே ஒப்பிட்டுவிட்டு, “எங்கள் விமானம் 500 மீற்றர் முந்தி எழும்புகிறது” என்று திரஸ்ட்டைக் குறைத்தால், சரியாக இருந்ததையும் கெடுத்ததாகிவிடும்.

நிஜத்தன்மை என்று விளம்பரங்களில் விற்கப்படுவது பெரும்பாலும் படம்தான். உரிந்த பெயின்ற், ஆசனத் தையல், கண்ணாடியில் விரல் அடையாளம். இவை வேண்டாம் என்றில்லை, கடைசியில் வரட்டும். நீங்கள் அளந்து எழுதியதை இன்னொருவர் தன் கணினியில் திரும்ப அளந்து அதே விடைக்கு வரமுடிகிறதா? முடிந்தால் மட்டும் அதை நிஜம் என்று சொல்லலாம்.

எங்கள் கரையோர வெப்பம் இதற்கு நல்ல பரிசோதனைக் கருவி. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகல் 33, 34 பாகை இங்கே சாதாரணம். முதலில் நிகழ்நேர வானிலையை நிறுத்துங்கள். காற்று பூச்சியம், அழுத்தம் 1013, வெப்பநிலை 15. பாதைக்குக் கட்டுநாயக்க போதும், 3,350 மீற்றர் உண்டு. எடை 65 தொன், ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் தகடு) 1+எஃப் நிலையில். பிரேக்கைப் பிடித்தபடி முழுத் திரஸ்ட் நிலைபெறும்வரை பொறுத்து, பிறகு விடுங்கள். வேகமானி 140 நொட் (மணிக்கு 140 கடல்மைல்) காட்டும்போது ஓடிய தூரத்தையும் நேரத்தையும் குறியுங்கள். பிறகு வெப்பநிலையை மட்டும் 33 ஆக்கித் திரும்ப ஓடுங்கள்.

விடை முன்கூட்டியே தெரிந்த கணக்கு இது. கெல்வினில் 288.15ஐ 306.15ஆல் வகுத்தால் 0.941, காற்றின் அடர்த்தி அந்த அளவுக்கு இறங்கியிருக்கும். வேகமானி அதே 140ஐக் காட்டினாலும் காற்றினூடான உண்மை வேகம் 144ஐத் தாண்டியிருக்கும். ஏ320இன் சிஎஃப்எம்56-5பி4 எஞ்சின் 40 பாகையைத் தாண்டியும் புறப்படு திரஸ்ட்டைக் குறையாமல் தரும்படி அமைக்கப்பட்டது. ஆகவே திரஸ்ட் மாறாது, அதே காட்டுவேகத்தில் (வேகமானி காட்டும் வேகத்தில்) காற்றுத் தடையும் மாறாது, தூரம் மட்டும் 6 சதவீதம் கூடவேண்டும். அறவே கூடவில்லையா? எங்கோ காட்டுவேகத்தையும் உண்மை வேகத்தையும் குழப்பியிருக்கிறீர்கள். 15, 20 சதவீதம் கூடுகிறதா? திரஸ்ட் அட்டவணை வெப்பத்துக்கு அளவுமீறிப் பயப்படுகிறது. இதையே 737-800இல் செய்தால் விடை வேறு. அதன் சிஎஃப்எம்56-7பி 30 பாகை வரைதான் முழுத் திரஸ்ட் தரும். 33இல் திரஸ்ட் இறங்கி, தூரம் 6 சதவீதத்துக்கும் மேலே போகவேண்டும். குளிர்நாட்டு விமான நிலையங்களில் மட்டும் பறந்து பார்த்தவர்கள் இந்த இடத்தைத் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

எஞ்சினின் இன்னொரு பொய் காலத்தில் ஒளிந்திருக்கும். சும்மா ஓடும் நிலையிலிருந்து லீவரை முன்னே தள்ளினால் உண்மையான எஞ்சின் முதலில் தயங்கும், பிறகு பாயும். நேர்கோட்டில் ஏறவைப்பது எழுத எளிது, ஆனால் பறப்பவருக்குத் தவறான பழக்கத்தை ஊட்டும். தரையிறங்காமல் திரும்ப எழும்புவதற்கான சான்றிதழ் விதியில், லீவரைத் தள்ளி 8 விநாடிக்குள் கிடைக்கும் திரஸ்ட்டை வைத்தே ஏறுதிறன் கணக்கிடப்படுகிறது. உங்கள் எஞ்சின் 2 விநாடியில் முழுத் திரஸ்ட் தந்தால், 200 அடியில் தாமதமாக முடிவெடுக்கும் விமானியையும் அது காப்பாற்றிவிடும்.

இனி ஃப்ரேம் வேகம், அதாவது விநாடிக்கு எத்தனை தடவை திரை புதிதாக வரையப்படுகிறது என்பது. இங்கேதான் நல்ல அட்-ஒன்களும் சறுக்குகின்றன. ஓட்டோபைலட் கணக்கு ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒருதரம் ஓடும்படி எழுதப்பட்டிருந்தால், 60 ஃப்ரேமில் அதற்குக் கிடைக்கும் இடைவெளி 16.7 மில்லிவிநாடி, 20 ஃப்ரேமில் 50. உருவாக்கியவரின் பெரிய கணினியில் நேர்கோட்டில் போன விமானம், கல்முனையில் ஒரு பழைய லப்டொப்பில் பாம்பாக நெளியும். குளிரூட்டி இல்லாத அறையில் மத்தியானம் அதே லப்டொப் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காலையில் சரியாக இருந்த அதே பதிப்பு பின்னேரம் கெட்டுப்போனதுபோல் தெரியும். முறைப்பாடு எழுதுபவர் நேரத்தையும் ஃப்ரேம் வேகத்தையும் குறிக்காவிட்டால் இந்தக் குறையைத் தேடிப் பிடிக்க வழியில்லை.

மருந்து தெரிந்ததுதான். கட்டுப்பாட்டுக் கணக்கைத் திரையிலிருந்து பிரித்து, 20 மில்லிவிநாடி போன்ற நிலையான படியில் ஓட்டுங்கள். ஃப்ரேம் தாமதித்தால் சேர்ந்த நேரத்தைப் பல படிகளாகத் தீருங்கள். ஒரு ஃப்ரேமுக்கு இத்தனை படிக்கு மேல் இல்லை என்று வரம்பும் வையுங்கள்; இல்லாவிட்டால் பின்தங்கிய கணக்கைப் பிடிக்கப்போய் மேலும் பின்தங்கி, கணினி உறைந்துவிடும். பிறகு ஒரே இறங்குபாதையை 20, 30, 60 ஃப்ரேமில் பூட்டி ஓட்டி, உயரக் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள்.

கைக்கும் கண்ணுக்கும் இடையிலான தாமதமும் இதோடு சேர்ந்தது. பயிற்சி சிமுலேற்றர் தர விதிகளில் இதற்கு நெடுங்காலம் இருந்த உச்ச வரம்பு 150 மில்லிவிநாடி. ஜோய்ஸ்ரிக்கைப் படிக்க ஒரு ஃப்ரேம், கணக்கிட ஒன்று, வரைய ஒன்று என்றால் 20 ஃப்ரேமில் அந்த 150உம் அங்கேயே தீர்ந்துவிடும். தொடுதரைக்கு முன் மூக்கை மேலும் கீழும் துரத்திக்கொண்டிருப்பவர்களில் பலருக்குக் குறை கையில் இல்லை, இந்தக் கணக்கில்தான்.

அந்த விதிகளிலிருந்து வேறு எண்களையும் எடுத்துக்கொள்ளலாம். முழுப் பயிற்சி சிமுலேற்றரைத் தரப்படுத்தும்போது புறப்படும் ஓட்டத்தின் நேரமும் தூரமும் விமானத் தரவிலிருந்து 5 சதவீத அளவுக்குள் நிற்கவேண்டும், ஏறும்போது வேகம் 3 நொட்டுக்குள், ஏறுவீதம் 5 சதவீதம் அல்லது நிமிடத்துக்கு 100 அடிக்குள். வீட்டுக் கணினி அட்-ஒனுக்கு யாரும் இதைக் கட்டாயப்படுத்தப்போவதில்லை. ஆனாலும் “கிட்டத்தட்டச் சரி” என்ற பேச்சுக்கு ஒரு எல்லை கிடைக்கும்.

எண்ணை எடுக்கும்போது அது எந்த விமானத்துக்கு என்பதையும் பாருங்கள். மூக்கைச் சற்று இழுத்துவிட்டுக் கையை எடுத்தால் 737 மெல்ல ஏறி இறங்கி அலையும். 250 நொட் உண்மை வேகத்தில் ஒரு அலை ஏறத்தாழ ஒரு நிமிடம் எடுக்கும். வேகத்தை மீற்றர்-விநாடியில் எழுதி 0.45ஆல் பெருக்கிப் பாருங்கள், 58 விநாடி வரும். இதே சோதனையை ஏ320இல் நோர்மல் லோவில் (கணினி வழியாகப் பறக்கும் வழமையான கட்டுப்பாட்டு நிலையில்) செய்து “அலையவில்லை, பிழை” என்று எழுதுபவர்கள் உண்டு. அந்த நிலையில் கணினி பாதையைப் பிடித்துவைத்திருக்கும், அலையக்கூடாது. ஏ320இல் பார்க்கவேண்டியவை வேறு. ஸ்ரிக்கை முழுதாகச் சாய்த்தால் உருளும் வீதம் விநாடிக்கு 15 பாகை. 67 பாகையில் சாய்வு நிற்கும். கையை விட்டால் 33க்குத் திரும்பும். இறங்கும்போது 50 அடியில் மூக்கின் நிலையைக் கணினி நினைவில் வைக்கும், 30 அடியிலிருந்து மூக்கை 2 பாகை கீழ்நோக்கிய நிலைக்கு 8 விநாடியில் கொண்டுபோகத் தொடங்கும். விமானி பின்னே இழுக்கவேண்டியது அதனால்தான். மட்டக்களப்பு போன்ற இடத்தில் இன்னொரு பொறி: காட்சிக் கோப்பில் வாவியின் நீர்மட்டமும் பாதை விளிம்பும் படிபோல் பொருந்தாமல் நின்றால், கீழேயுள்ள தரையிலிருந்து உயரத்தை அளக்கும் ரேடியோ உயரமானி ஒரே ஃப்ரேமில் பல அடி தாவி, இந்த 30 அடிக் கணக்கு முந்தியே விழித்துவிடும்.

மின், ஹைட்ரோலிக் தொகுதிகளில் சுவிட்சை விளக்கோடு நேரே கட்டுவதுதான் பெரும் வியாதி. ஏ320இன் இரு ஜெனரேற்றரையும் பறக்கும்போது நிறுத்திப் பாருங்கள். காற்றோட்டத்தில் சுழலும் அவசரக் காற்றாடி விமானத்துக்கு வெளியே வந்து அவசர ஜெனரேற்றர் சேர 8 விநாடி அளவு ஆகும், அதுவரை மின்கலம்தான். இடதுபுற விமானியின் முதன்மைத் திரை உயிரோடிருக்க, வலதுபுறம் இருளவேண்டும். அவசர ஜெனரேற்றரின் 5 கேவிஏவை வைத்து, வழக்கமான 90 கேவிஏ சுமந்த எல்லாவற்றையும் எரியவிடும் அட்-ஒனில் பஸ் (மின்னைப் பகிர்ந்தளிக்கும் தடம்) என்ற ஒன்றே எழுதப்படவில்லை என்று அர்த்தம். நாய் குரைப்பதுபோல் கேட்கும் பீரீயூ (ஒரு ஹைட்ரோலிக் தொகுதியின் அழுத்தத்தால் மற்றதை இயக்கும் கருவி) சத்தமும் அப்படித்தான். பச்சை, மஞ்சள் எனப்படும் ஹைட்ரோலிக் தொகுதிகளின் அழுத்தம் 500 பிஎஸ்ஐக்கு மேல் வேறுபட்டால்தான் அது இயங்கும். முதல் எஞ்சினைத் தொடங்கும்போது தடுக்கப்பட்டிருக்கும், இரண்டாவதில் தானாகச் சோதிக்கப்படும். இரண்டு தடவையும் குரைத்தால் அது ஒலிக்கோப்பு மட்டுமே.

வடக்குத் தெற்காகவும் ஒரு சோதனை உண்டு, பலர் விட்டுவிடுவது. ஜடத்துவ வழிகாட்டிக் கருவி பூமியின் சுழற்சியை உணர்ந்தே வடக்கைக் கண்டுபிடிக்கிறது. பூமத்திய ரேகைக்கு அருகில் அந்த உணர்வு வலிமையானது. 737இல் அங்கே 5 நிமிட அளவில் முடியும் ஒழுங்கமைப்பு, உயர் அகலக்கோடுகளில் 17 நிமிடம் வரை இழுக்கும். 7.7 பாகை வடக்கில் உள்ள எங்களுக்கும் ஐஸ்லாந்துக்கும் ஒரே எண்ணைக் காட்டினால் அது வெறும் மணிக்கூடு.

சோதிப்பவர்களைத் தேர்வதில் ஒரு மயக்கம் இருக்கிறது: ஓய்வுபெற்ற விமானி “நல்லா இருக்கு” என்றால் முடிந்தது என்று. விமானியின் கை நினைவு மதிப்புள்ளது, ஆனால் அவர் கையில் இப்போது இருப்பது பிளாஸ்ரிக் ஜோய்ஸ்ரிக். “கனமா இருக்கு தம்பி” என்று அவர் சொன்னால், எந்த வேகத்தில், எந்தப் பக்கம், எத்தனை விநாடி பிந்துகிறது என்று கேட்டு எண்ணாக்குங்கள். பழைய பதிப்பையும் புதியதையும் எது எதென்று சொல்லாமல் கொடுங்கள். தொகுதிக் கோளாறுகளைப் பற்றி விமானியைவிடப் பராமரிப்புப் பொறியியலாளர் கூடச் சொல்வார். ஒருவர் பறக்க இன்னொருவர் பதியவேண்டும். இரண்டையும் ஒரே ஆள் செய்தால் எண்கள் நினைவிலிருந்து வரும்.

யாரிடமும் விமான நிறுவனத்தின் கைநூல் பிரதியைக் கேட்காதீர்கள். அது பதிப்புரிமைச் சொத்து, தந்தவரின் வேலையும் போகும். எயார்பஸ், போயிங் இரண்டுமே விமான நிலையத் திட்டமிடலுக்கான பரிமாண, செயற்பாட்டு ஆவணங்களைப் பகிரங்கமாக வெளியிடுகின்றன. எஞ்சின் வரம்புகள் சான்றிதழ்த் தரவுத்தாள்களில் உண்டு. அவை போதாத இடத்தில் ஊகித்தோம் என்று வெளியீட்டுக் குறிப்பில் எழுதுங்கள். வீட்டு அட்-ஒனில் பறந்த மணித்தியாலம் அனுமதிப்பத்திரப் பதிவேட்டில் ஏறாது என்பதையும் வாங்கும் பிள்ளைகளுக்குத் தெளிவாகப் போடுங்கள்.

ஒவ்வொரு பதிப்பின் பதிவுக் கோப்புகளையும் வானிலை, எடை, சமநிலை மையம், ஃப்ரேம் வேகத்தோடு சேமித்துவையுங்கள். சிமுலேற்றருக்குப் புதுப்பிப்பு வந்த அன்றே, உங்கள் கோப்பில் ஒரு எழுத்தையும் தொடாமல், அதே ஓட்டங்களைத் திரும்ப ஓட்டுங்கள். முதலில் தரை உராய்வையும் பிரேக் தூரத்தையும் பாருங்கள், பிறகு எஞ்சின் ஏறும் நேரத்தை. மாறியிருந்தால் உங்கள் திரஸ்ட் அட்டவணையில் கைவைக்குமுன், சிமுலேற்றரோடு வரும் சாதாரண விமானம் ஒன்றிலும் அதே ஓட்டத்தைச் செய்யுங்கள். அதிலும் அதே அளவு மாறியிருந்தால் குறை உங்களுடையதல்ல.