விரிசல் மேல் வெல்டிங் வைக்காதீர்கள்

போன மாதம் மறுபடியும் அதே காட்சி. ஒரு பழைய ரிவெட் பாலம், அதாவது தகடுகளை ஆணி அடித்து இணைத்தது. குறுக்கு உத்தரத்தின் கீழ்த்தகட்டில் வந்த விரிசலை யாரோ வெல்டிங் வைத்து, தேய்த்து, பெயின்ட் அடித்து மூடியிருந்தார்கள். பெயின்ட்டைச் சுரண்டினோம். வெல்டிங்கின் ஓரத்திலேயே புது விரிசல், பழையதைவிட நீளம். இந்த வருடம் இப்படி நான் பார்க்கும் மூன்றாவது பாலம் இது.

"அடைத்துவிட்டோம் சார், சரியாகிவிட்டது" என்கிறார்கள். ஓட்டைக் குடமா அது, அடைத்ததும் சரியாக? வண்டி போகும் ஒவ்வொரு முறையும் இழுபட்டு இழுபட்டு இரும்பு சோர்ந்துபோன இடம். வெல்டிங் அந்த இழுப்பைக் குறைக்காது. ஆறிச் சுருங்கும்போது கூடுதலாக ஓர் இழுப்பை உள்ளே பூட்டிவிடும். அந்தக் காலத்து இரும்பில் கந்தகமும் பாஸ்பரஸும் தூக்கலாக இருக்கும், வெல்டிங்குக்கே ஒத்துவராது. இன்னொன்று: ரிவெட் பாலத்தில் தகடுகள் தனித்தனி, ஒன்றின் விரிசல் அடுத்ததற்குத் தாவாது. வெல்டிங் வைத்து எல்லாவற்றையும் ஒன்றாக்கினால், தாவுவதற்கு நாமே வழி போட்டுக் கொடுக்கிறோம்.

அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரின் மிசிசிப்பி ஆற்றுப் பாலம் நினைவிருக்கிறதா? 2021 மே 11 அன்று முக்கிய உத்தரம் ஒன்று ஏறக்குறைய முழுக்கப் பிளந்திருப்பதைப் பார்த்து மூடினார்கள். முழுதாகத் திறக்க ஆகஸ்ட் ஆனது. பாலம் கட்டும்போது போட்ட ஒரு வெல்டிங்கில்தான் அந்த விரிசல் தொடங்கியிருந்தது. 2019-இல் எடுத்த ட்ரோன் வீடியோவிலேயே அது தெரிந்தது, யாரும் கவனிக்கவில்லை. உயிர்ச்சேதம் இல்லாமல் போனது பெரிய அதிர்ஷ்டம்.

சரி, என்ன செய்ய வேண்டும்? வெறும் இரும்பு தெரியும்வரை பெயின்ட்டை எடுங்கள். சாயச் சோதனையோ (விரிசலில் சாயத்தை ஊறவிட்டுப் பார்ப்பது) காந்தத்தூள் சோதனையோ (காந்தமேற்றி இரும்புத்தூள் தூவிப் பார்ப்பது) செய்து விரிசலின் நுனியைக் கண்டுபிடியுங்கள். கண்ணுக்குத் தெரிகிற நுனியோடு விரிசல் நிற்பதில்லை. சோதனையில் கண்ட நுனி உள்ளே அடங்கும்படி துளை போட்டு, துளையின் விளிம்பை வழவழப்பாக்குங்கள். அது தற்காலிக நிறுத்தம்தான். அப்புறம் இருபக்கமும் தகடு வைத்து உயர்வலு போல்ட் போட வேண்டும். விரிசல் ஏன் வந்தது என்று கணக்குப் பார்க்காமல் அதையும் போடாதீர்கள்.

ஆய்வுக்குப் போகும் தம்பிகளிடம் ஒரு வேண்டுகோள். பெயின்ட் மேல் துரு ஒரு கோடாகக் கசிந்திருந்தால் நின்று பாருங்கள். நுனியில் குறி வைத்துத் தேதி எழுதுங்கள், பக்கத்தில் அளவுகோல் வைத்துப் போட்டோ எடுங்கள். அனுப்பியதோடு விடாமல், மேலே இருப்பவர் அதைத் திறந்து பார்த்தாரா என்று போன் போட்டுக் கேளுங்கள்.