சஜ்ஜாவும் இறவாரமும்

மும்பையில் மழைக்காலம் நெருங்கினால் செம்பூரில் எங்கள் குடியிருப்பில் சஜ்ஜா பேச்சுதான். இந்த வருடம் மேல்மாடி சஜ்ஜாவில் விரிசல். வாட்டம் சரியில்லாமல் தண்ணீர் தேங்கி, எங்கள் வீட்டுச் சுவரில் ஓதம் ஏறிவிட்டது. மேஸ்திரி பார்த்துவிட்டுப் போனதும், ஊரிலிருந்து வந்திருந்த அம்மா கேட்டார்: "சஜ்ஜா, சஜ்ஜான்னாரே, அது என்னடா?"

சன்னலுக்கு மேலே சுவரை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கான்கிரீட் பலகையைக் காட்டினேன்.

"அட, இறவாரம்!" என்றார்.

இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட என் வாயில் வராத சொல் அது. அன்றிலிருந்து மனதை விட்டுப் போகவில்லை.

முதலில் சஜ்ஜா. இந்தியில் அது 'ச்சஜ்ஜா'. மூடுதல், மறைத்தல் என்னும் பொருள் கொண்ட வடமொழி வேரிலிருந்து வந்தது. குடையைக் குறிக்கும் 'சத்ர' என்ற சொல்லுக்கும் அதே வேர்தான். ஃபதேபூர் சிக்ரி கட்டடங்களில் தாங்குகற்களின்மேல் அகலமாக நீளும் சிவப்புக்கல் சஜ்ஜாக்களைப் பார்த்தால், சுவருக்குக் குடை பிடித்ததுபோலத்தான் இருக்கும். வெயிலையும் சாரலையும் சுவரில் படாமல் தடுப்பதே அதன் வேலை. நம் ஊர்க் கொத்தனார்களில் பலர் 'சன்ஷேடு' என்பார்கள்.

இனி, இறவாரம். இறை என்றால் கூரையின் இறங்கிய விளிம்பு. வாரம் என்றால் சரிவு, பக்கம். தாழ்வாரம், மலையடிவாரம் என்று சொல்கிறோமே, அந்த வாரம். இறைவாரம் பேச்சில் இறவாரம் ஆனது. குறுந்தொகையின் 46ஆம் பாட்டில் ஒரு குருவி வருகிறது. முற்றத்தில் காயும் தானியத்தைத் தின்று, மன்றத்து எருப்பொடியில் குடைந்து ஆடிவிட்டு, "இல்லிறைப் பள்ளித் தம் பிள்ளையொடு வதியும்". வீட்டு இறைதான் அதன் படுக்கையறை, குஞ்சும் கூடவே. எங்கள் சஜ்ஜாவில் குருவி இல்லை. துடைப்பக்குச்சியும் கம்பித் துண்டுமாகப் புறா கட்டிய கூடு இருக்கிறது, அதில் இரண்டு முட்டை.

புறா என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோவில் கட்டடத்தில் சுவருக்கு மேல் வளைந்து வெளியே நீளும் கல் உறுப்புக்குக் கபோதம் என்று பெயர். கபோதம் என்றால் புறா! அதன்மேல் வரிசையாக இருக்கும் லாட வடிவ வளைவுகளுக்குப் பெயர் கூடு. இதே கபோதத்தைத் தமிழில் கொடுங்கை என்கிறோம். கொடு என்றால் வளைந்த. வில்லைக் கொடுமரம் என்றதும் அதனால்தான். வளைந்த கை, கொடுங்கை. புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோவிலில் கூரைக்கு அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். மரச் சட்டமும் அதில் அடித்த ஆணியும் எல்லாமே கல். 'ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக' வேறு எதையும் செய்து தருகிறோம் என்று சிற்பிகள் எழுதிக்கொடுப்பார்களாம். அப்படி ஒரு பேச்சு உண்டு.

சரி, சன்னல் மேலிருக்கும் தட்டையான கான்கிரீட்டுக்கு எது பொருந்தும்? வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் நினைவுக்கு வரும் பிதுக்கம், புடைப்பு என்ற சொற்கள் இரண்டும் வேண்டாம். அவை உள்ளிருந்து தள்ளி வீங்கியவற்றுக்கு உரியவை. கொடுங்கை வளைவுக்கு உரியது, நேர்ப்பலகைக்கு ஒட்டாது. இறவாரம் ஓட்டுக் கூரையின் சொல்தானே என்று கேட்கலாம். ஆனால் செய்யும் வேலை அதேதான், மழைநீரைச் சுவருக்கு அப்பால் விழவைப்பது. 'சன்னல் இறவாரம்' என்றால் கூரை விளிம்போடு குழப்பமும் வராது. என் ஓட்டு அதற்கே.

மேஸ்திரியிடம் சஜ்ஜா என்றே சொல்கிறேன், அவருக்குப் புரிய வேண்டுமே. குடியிருப்பின் தமிழ்க் குடும்பங்களுக்கான வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போன வாரம் இப்படி எழுதினேன்: "சன்னல் இறவாரத்தில் பூந்தொட்டி வைக்காதீர்கள், தண்ணீர் தேங்கும்." மேல்மாடியிலிருக்கும் திருநெல்வேலிப் பாட்டி உடனே குரல்செய்தி அனுப்பினார்: "இந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை வருசமாச்சு தம்பி!" அடுத்த நாள் காலையில் அவர் வீட்டுத் துளசித் தொட்டி உள்ளே போயிருந்தது.