ரொம் மாற்றினால் ஃபோன் பறக்குமா?

பழைய ஃபோன் இழுக்கத் தொடங்கியதும் கொழும்பு லிபர்ட்டி பிளாசாவுக்குப் போய், புதியதன் விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறவர்களுக்கு யாராவது ஒருவர் சொல்லுவார்: "கஸ்டம் ரொம் ஒன்று போட்டுப் பாரும், பறக்கும்." ஃபோனை இயக்கக் கம்பனி தந்த மென்பொருளுக்கு (ரொம்) பதிலாக வெளியார் தயாரித்த ஒன்றை ஏற்றுவதுதான் அது. போட்டால் உண்மையிலேயே பறக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த வேகம் முழுவதும் ரொமிலிருந்து வந்ததா?

ரொம் ஏற்றும்போது வழக்கமாக ஃபோனை முழுதாகத் துடைக்கிறோம். நிரம்பிக் கிடந்த சேமிப்பு காலியாகிறது, பின்னணியில் ஓடிய செயலிகள் தொலைகின்றன. கம்பனி ரொமையே அப்படித் துடைத்தாலும் ஃபோன் ஓரளவு தெளியும். ஆகவே இரண்டையும் துடைத்து, ஒரே செயலிகளைப் போட்ட பிறகுதான் ஒப்பிட வேண்டும். அதையும் போட்ட அன்றே செய்யக்கூடாது. 2016இல் வந்த அன்ட்ரொய்ட் 7 முதல், ஒரு செயலியில் நாம் அதிகம் பாவிக்கும் பகுதிகளை ஃபோன் கவனித்து வைத்து, சார்ஜில் சும்மா கிடக்கும் நேரத்தில் இயந்திர மொழிக்கு மாற்றிக்கொள்கிறது. முதல் நாளில் அந்த வேலை முடிந்திருக்காது.

சிப் மாறுவதில்லை. லினேஜ்ஓஎஸ் போன்ற ரொம்கள்கூட கிராஃபிக்ஸுக்குப் பெரும்பாலும் கம்பனி தந்த டிரைவர்களையே (சிப்பை இயக்கும் மென்பொருள்) நம்பியிருக்கின்றன. அப்போ மாறுவது எது? முக்கியமாக, சிப் எந்த நேரத்தில் எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் கவர்னர். இது, செயலிகளுக்கும் சிப்புக்கும் நடுவில் நிற்கும் கேர்னல் என்ற மையப் பகுதிக்குள் இருக்கிறது. ஒரு ரொமின் கவர்னர், காலி வீதியில் போட்டிக்கு ஓடும் தனியார் பஸ் மாதிரி, திரையில் விரல் பட்டதுமே அழுத்தி மிதிக்கும். இன்னொன்று பற்றரியைப் பார்த்து நிதானமாகப் போகும்.

அழுத்தி மிதிப்பதுதான், வேகத்தை அளந்து புள்ளி போடும் சோதனைச் செயலிகளில் கூடிய புள்ளி வாங்கும். ஆனால் அந்தச் சோதனை சில நிமிடத்தில் முடிந்துவிடும். சூடு ஏற முன்னரே புள்ளி கைக்கு வந்துவிடும். அரை மணித்தியாலம் கேம் விளையாடினால் கதை வேறு. வெப்பம் எல்லையைத் தொட்டதும் கேர்னல் தானாகவே வேகத்தைக் குறைக்கும். கொழும்பில் மத்தியானம் 30 பாகையைச் சாதாரணமாகத் தாண்டும். வெள்ளவத்தை வீட்டில் ஃபேனுக்குக் கீழே ஒரு ரொமையும் ஒஃபிஸ் ஏசியில் மற்றதையும் சோதித்தால், நீங்கள் அளந்தது ரொமை அல்ல, அறையைத்தான். சில ரொம்கள் இந்த வெப்ப எல்லையை உயர்த்தி வைத்தே புள்ளி சேர்க்கின்றன. அது எனக்குப் பிடிப்பதில்லை, பற்றரிக்குத்தான் கேடு. கம்பனிகளும் சுத்தமில்லை: 2013இல் கேலக்ஸி எஸ்4இன் ஒரு வகை, சோதனைச் செயலிகளைக் கண்டால் மட்டும் கிராஃபிக்ஸ் சிப்பைக் கூடிய வேகத்தில் ஓட்டியது அம்பலமானது.

புள்ளியை விட நம்பக்கூடியது, ஒவ்வொரு ஃபிரேமும், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படமும், தயாராக எடுக்கும் நேரம். செக்கனுக்கு 60 தடவை புதுப்பிக்கும் 60 ஹேர்ட்ஸ் திரைக்கு ஒரு ஃபிரேம் 16.7 மில்லிசெக்கனுக்குள் தயாராக வேண்டும். தவறினால் திரை திக்கும். சராசரி நன்றாக இருந்தும் இடைக்கிடை நாலைந்து ஃபிரேம் தவறினால் கை அதைத்தான் உணரும். டெவலப்பர் அமைப்புகளில் ஃபிரேம் நேரத்தைத் திரையிலேயே கோடுகளாகக் காட்டும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு, படங்கள் நிறைந்த வட்ஸ்அப் குழு ஒன்றை வேகமாக உருட்டிப் பாருங்கள். குறுக்கே போகும் பச்சைக் கோடுதான் 16 மில்லிசெக்கன். அதைத் தாண்டி எழும் ஒவ்வொரு கோடும் பிந்திய ஒரு ஃபிரேம். இரண்டு ரொமிலும் ஒரே குழுவை, ஒரே அறையில், ஃபோன் ஆறியிருக்கும்போது ஒரு தடவையும் கேம் விளையாடிச் சூடானபின் ஒரு தடவையும் உருட்டினால் போதும்.